மாடுகளை எண்ணிய ஊர்: டோர்பெலின் பொதுநிலமும் அதன் வேலியும்

கேள்வி

பனிக்காலம் முழுவதும் தன் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு ஒருவர் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே அவர் கோடையில் ஊர்ப்பொது மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகலாம். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலையூர் 1517ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்த விதி இது. மீறியவர் அபராதம் கட்டினார். அபராதத்தில் பாதி, அதை வசூலித்த 'கெவால்ட்ஹாபர்' என்னும் ஊர்க் கண்காணிக்குச் சேர்ந்தது. ஆகவே அவர் கண்ணை மூடிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இன்று 500 பேரளவே வாழும் இந்தச் சிற்றூரின் பெயர் உலகப் பல்கலைக்கழகங்களில் அடிபடுவது இந்த விதியால்தான். பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும், ஏனெனில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்ப்பதே தமக்கு லாபம் என்று எண்ணுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் அந்த வாதத்தை மறுக்க எடுத்துக்கொண்ட நீண்டகாலச் சான்றுகளில் டோர்பெலும் ஒன்று. 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, டோர்பெல் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது: மக்கள் கூடிப் பேசினால் பொதுச்சொத்தைக் காக்க முடியும், அரசும் வேண்டாம், சந்தையும் வேண்டாம் என்ற பாடம்.

அந்தப் பாடம் பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது என்பதே என் கவலை. தமிழில் 'பொது' என்றால் எல்லோருக்கும் உரியது. டோர்பெலில் அப்படி இருந்ததே இல்லை. அங்கே பொது என்பது 'நம்முடையது' மட்டுமே, 'நாம்' யார் என்பதும் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்த மேய்ச்சல் வெளி ஐந்நூறு ஆண்டுகள் பிழைத்தது ஊராரின் கூடிவாழும் பண்பாலா, அல்லது ஊரார் யார் என்று அவர்கள் இரக்கமின்றி வரையறுத்ததாலா? இரண்டையும் பிரிக்க முடியுமா?

சரிவில் ஓர் ஊர்

சுவிட்சர்லாந்தின் தெற்கில், ரோன் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது வலே மாநிலம். ஜெர்மன் பேசும் அதன் கீழைப் பகுதியில் அதற்கு வாலிஸ் என்று பெயர். விஸ்ப் நகரத்திலிருந்து தெற்கே பிரியும் பள்ளத்தாக்கில் ஸ்டால்டன் என்ற ஊரில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அதற்கு மேலே, மேற்குச் சரிவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் டோர்பெல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர் தம் பேச்சு வழக்கில் அதை 'டெர்பில்' என்கிறார்கள். மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் காண செர்மாட்டுக்குப் போகிறவர்களின் ரயில் 1891 முதல் கீழே பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஓடுகிறது.

ஊரின் எல்லை பள்ளத்தாக்கின் அடியில் தொடங்கி, 3,000 மீட்டரை நெருங்கும் ஆக்ஸ்ட்போர்ட்ஹார்ன் சிகரம் வரை செங்குத்தாக ஏறுகிறது. கீழே ரை தானிய வயல்களும் காய்கறித் துண்டுகளும் ஊரைச் சுற்றி வைக்கோற்புல் வெளிகளும் இருந்தன. அதற்கு மேல் லார்ச் மரக்காடு. காட்டுக்கும் மேலே, 2,000 மீட்டரைத் தாண்டி, கோடைமேய்ச்சல். அங்குள்ளோர் 'ஆல்ப்' என்று சொல்வது பனிமுடியை அல்ல, இந்தப் புல்வெளியைத்தான். டோர்பெலின் மேய்ச்சல்களில் பெயர்பெற்றது மோஸால்ப்.

இந்த நிலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் வறட்சி. இருபுறமும் நிற்கும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழைமேகத்தை மறித்துவிடுகின்றன. விஸ்ப் பள்ளத்தாக்கு சுவிட்சர்லாந்திலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. கால்வாய் இல்லையென்றால் வைக்கோற்புல் இல்லை. வைக்கோற்புல் இல்லையென்றால் பனிக்காலத்தில் மாடு இல்லை. 1517ஆம் ஆண்டு விதியின் முழு எடையும் இந்தச் சங்கிலியில் தொங்குகிறது.

வீடுகளும் அந்த நிலத்தின் கணக்கையே பேசின. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது ஊர் வழக்கம். அதனால் வயல் துண்டுகளாகியது, துண்டு மேலும் துண்டாகியது. வெயிலில் கறுத்த லார்ச் மர வீடுகள் தளவாரியாகப் பிரிக்கப்பட்டன. கீழ்த்தளம் ஒரு குடும்பத்துக்கு, மேல்தளம் இன்னொன்றுக்கு. தானியம் வைக்கும் 'ஸ்டாடெல்' என்ற மரக்களஞ்சியத்திலும் பங்கு பங்காக உரிமை. கால்களின் தலையில் வட்டமான தட்டைக்கல் பொருத்தி, அதன்மேல் களஞ்சியத்தை நிறுத்தியிருப்பார்கள். காலில் ஏறிவரும் எலி கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாய்த் தொற்ற முடியாமல் விழுந்துவிடும். ஒரு பனிக்காலத்தின் தானியம் அந்தக் கல்லின் விளிம்பை நம்பியிருந்தது.

1483இன் ஏடு

டோர்பெலைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர். நைஜீரியாவின் கோஃப்யார் உழவர்களை ஆராய்ந்த பிறகு 1970-71இல் அவர் இங்கு களப்பணிக்கு வந்தார். கோயில் பதிவேடுகள், நில ஆவணங்கள், குடும்ப மரபுத் தொடர்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து அவர் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. மலைச்சரிவில் தடுமாறாமல் நிற்பதைச் சுட்டும் தலைப்பு அதற்கு. சமநிலை என்பதே அவருடைய முழு வாதம்.

அதற்கு முன்பு இந்த மலைமக்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவர்களைப் புகழ்ந்துதான் எழுதினார்கள். ஆல்ப்ரெக்ட் ஃபான் ஹாலரின் 1732ஆம் ஆண்டுக் கவிதையும் ரூசோவின் 1761ஆம் ஆண்டு நாவலும் மலைமக்களைக் கெடாத மனிதர்களாக ஐரோப்பாவுக்குக் காட்டின. நெட்டிங்கின் பெருமை அந்தப் புகழ்ச்சியை விலக்கிவிட்டு ஏட்டைத் திறந்ததில் இருக்கிறது.

அந்த ஏடுகளுள் ஒன்று 1483ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் எழுதப்பட்டது. மேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த டோர்பெல் குடிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து கையொப்பமிட்டார்கள். ஆஸ்ட்ரமின் வாசகர்கள் இங்கே குடியாட்சியின் விதையைக் காண்கிறார்கள். ஆனால் அந்த ஆவணம் அழுத்திச் சொல்வது வேறொன்று: வெளியூரான் டோர்பெலில் நிலம் வாங்கினாலும் குடியேறினாலும் மேய்ச்சலிலோ காட்டிலோ அவனுக்கு உரிமை கிடையாது, மரம் வெட்டவும் கூடாது. நிலத்தை விலைக்கு வாங்கலாம், ஊரை வாங்க முடியாது.

இதை வெறும் குறுகிய மனம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. மத்தியகாலத்தின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து வட இத்தாலிய நகரங்களுக்கு மாட்டு வணிகம் பெருகிக்கொண்டிருந்தது. கையில் காசுள்ள வெளியூர் வணிகன் ஒருவன் சிறு நிலத்துண்டை வாங்கிவிட்டு, கோடையில் நூறு மாடுகளை மேலே அனுப்பிக் கொழுக்கவைத்து, இலையுதிர்காலத்தில் விற்றுவிட முடியும். 1483இன் விலக்கும் 1517இன் எண்ணிக்கையும் இந்த அபாயத்தின் இரண்டு வாசல்களை அடைத்தன என்றே நான் படிக்கிறேன். முதலாவது வெளியாளைத் தடுத்தது. இரண்டாவது வெளியாளைப்போல் நடக்க நினைக்கும் உள்ளூர்க்காரனைத் தடுத்தது.

புல்லுக்கு ஒரு நீதி, விறகுக்கு ஒரு நீதி

பனிக்கால விதியை மெச்சுகிறவர்கள் அதன் இன்னொரு முகத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒருவர் பனிக்காலத்தில் எத்தனை மாடு வளர்க்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது அவருடைய சொந்த வைக்கோற்புல் வெளி. நான்கு துண்டு வெளியுள்ளவரும் ஒரு துண்டு உள்ளவரும் ஆல்ப்பில் சமமல்ல. மேலே சம்பளத்துக்கு அமர்த்திய மேய்ப்பர்களும் பாலாடைக்கட்டி செய்பவரும் எல்லா மாடுகளையும் ஒன்றாகப் பராமரித்தார்கள். கோடை முடிவில் பாலாடைக்கட்டி, அவரவர் மாடு கறந்த பாலின் அளவுக்கேற்பப் பிரிக்கப்பட்டது. கீழே இருந்த ஏற்றத்தாழ்வு மேலேயும் ஏறிப் போனது. விதி மேய்ச்சலைக் காத்தது, அதே கையால் சொத்தின் அளவையும் பொதுநிலத்தின்மேல் பதித்தது.

காட்டில் கணக்கு வேறாக இருந்தது. வனக்காவலர் வெட்டவேண்டிய மரங்களைக் குறியிடுவார். விறகுரிமை பெற்ற குடும்பங்கள் குழுக்களாகச் சேர்ந்து மரத்தை வெட்டி, இழுத்து வந்து, சம அளவுள்ள அடுக்குகளாக அடுக்கும். அதன்பிறகு சீட்டுக் குலுக்கி எந்த அடுக்கு யாருக்கு என்று முடிவு செய்வார்கள். இந்த ஏற்பாட்டின் நுணுக்கம் வரிசையில் இருக்கிறது. அடுக்கும்போது தமக்கு எது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முடிச்சு விழுந்த கட்டையை ஒரு அடுக்கில் ஒளிக்கவோ, நேரான தடியை இன்னொன்றில் சேர்த்துவைக்கவோ யாருக்கும் தூண்டுதல் இல்லை. எவருடைய நல்ல மனதையும் நம்பாமல் சமபங்கு நடந்தது.

ஒரே ஊர், ஒரே மக்கள், அடுத்தடுத்த சரிவுகளில் புல்லைச் சொத்துக்கேற்பவும் விறகைக் குடும்பத்துக்குச் சமமாகவும் பிரித்தார்கள். இது ஏன்? நெட்டிங் 1976இல் எழுதிய கட்டுரை, எது பொதுவில் இருக்கும், எது தனியாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு நிலத்தின் இயல்பிலிருந்தே விடை தேடியது. விளைச்சல் குறைவு, ஆண்டுக்காண்டு நிச்சயமில்லை, உழைத்தாலும் மேம்படாது, பரப்போ பெரிது என்றால் அந்த நிலம் பொதுவில் நின்றது. தீவிர உழைப்புக்குப் பலன் தரும் வயலும் தோட்டமும் புல்வெளியும் தனியுடைமையாயின. இரண்டு முறையும் அறிந்த மக்கள் இடத்துக்கேற்பத் தேர்ந்தார்கள் என்பது அவர் முடிவு. இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அது எந்த நிலம் பொது என்பதைத்தான் விளக்குகிறது. அந்தப் பொதுவில் யாருக்கு எவ்வளவு என்பதை மண்ணின் இயல்பு தீர்மானிக்காது. அதைத் தீர்மானித்தது ஊர்க்கூட்டம், அதில் கை உயர்த்த உரிமை பெற்றவர்கள்.

எவருக்கும் முழுதாய்த் தெரியாத நீர்

வலேயின் கால்வாய்களை ஜெர்மன் மொழியினர் 'சூவோனன்' என்றும் பிரெஞ்சு மொழியினர் 'பிஸ்' என்றும் சொல்வார்கள். பனியாற்று நீரை உயரத்தில் மறித்து, மலையை வளைத்து வளைத்து, மிக மெல்லிய சரிவில் ஊர்ப் புல்வெளிகளுக்குக் கொண்டுவருவார்கள். சில ஊர்களில் பாறைமுகத்தில் குடைந்த கொக்கிகளில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு நீரைக் கடத்தினார்கள். நீர்ச்சக்கரத்தோடு ஒரு மரச் சுத்தியலும் இணைந்திருக்கும். நீர் ஓடும்வரை அது பலகையை அடித்துக்கொண்டே இருக்கும். இரவில் அந்த ஓசை நின்றால், எங்கோ கரை உடைந்துவிட்டது என்று காவலாளிக்குத் தெரிந்துவிடும். அவன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

யார் எந்த நேரத்தில் நீர் பாய்ச்சலாம் என்பதை வலேயில் 'டெஸ்லா' என்ற சிறு மரத்துண்டுகள் சொல்லின. ஒரு பக்கம் குடும்பத்தின் குறி, இன்னொரு பக்கம் உரிமையின் அளவைக் காட்டும் வெட்டு. எழுத்தறியாதவர் கையிலும் பத்திரம் இருந்தது.

டோர்பெலின் நீர்ப்பாசனத்தைப் பற்றி நெட்டிங் 1974இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'யாருக்கும் தெரியாத அமைப்பு' என்ற பொருள்பட அமைந்தது. முழு அமைப்பையும் சொல்லக்கூடிய ஆள் ஊரில் யாருமில்லை. ஒவ்வொருவருக்கும் தம் துண்டுக்கு நீர் வரும் முறையும் அண்டைக்காரர் முறையும் தெரியும், அவ்வளவே. பாகப்பிரிவினையில் நிலம் சிதறச் சிதற, நீர்முறையும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே சிதறியது. ஆனாலும் நூற்றாண்டுகளாக நீர் வந்தது. மையத்தில் ஒருவர் இருந்து ஆட்டினால்தான் கூட்டு முயற்சி நடக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராக, டோர்பெல் தரும் ஆகச் சிறந்த சான்று எனக்கு இதுவாகவே படுகிறது. மேய்ச்சலைவிடவும் இது வலுவானது. வியப்பு என்னவென்றால், எல்லோரும் மாட்டைப் பற்றியே பேசுகிறார்கள்.

வேலிக்கு வெளியே நின்ற பெண்கள்

மகளுக்கும் சமபங்கு என்று மேலே சொன்னேன். ஐரோப்பிய உழவர் வரலாற்றில் அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தப் பங்கு வயலோடு நின்றுவிட்டது. சுவிட்சர்லாந்தில் குடியுரிமை என்பது முதலில் ஓர் ஊரின் குடியுரிமை. இன்றும் சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் அச்சாவதில்லை, 'ஹைமாட்ஓர்ட்' என்ற பூர்வீக ஊரே அச்சாகிறது. சூரிச்சில் மூன்று தலைமுறையாக வாழ்பவரும் தாம் பார்த்தே இராத மலையூரின் குடியாகப் பதிவாகியிருக்கலாம். அந்த உரிமை தந்தை வழியே வந்தது. 1912இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சிவில் சட்டத்தின்படியும், திருமணமான பெண் கணவனின் ஊர்க்குடியுரிமையைப் பெற்றாள்.

இதை டோர்பெலின் ஏட்டோடு சேர்த்துப் படியுங்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட டோர்பெல் பெண்ணுக்குத் தாய்வீட்டுப் புல்வெளியில் சமபங்கு உண்டு. ஆனால் 1483இன் சொற்களில் அவள் இப்போது நிலம் வைத்திருக்கும் அந்நியர். அவள் தன் புல்லை அறுக்கலாம். அவள் மாட்டுக்கு ஆல்ப்பில் இடமில்லை. தனிச்சொத்து அவளைப் பெண் என்று பார்க்கவில்லை, பொதுச்சொத்து பார்த்தது. பொதுவுடைமை எப்போதும் எளியவருக்கு நட்பானது என்று நம்பும் நம்மில் பலருக்கு இது உறைக்க வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. மோஸால்ப்பைக் கடந்து இறங்கினால் பியூர்ஹென், அதையடுத்து உண்டர்பேஹ். 1957 மார்ச்சில், பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் சேர்ப்பது பற்றிய நாடுதழுவிய வாக்கெடுப்பில், அந்த உண்டர்பேஹ் ஊராட்சி மேலிடத்தை மீறிப் பெண்களை வாக்களிக்க அழைத்தது. 33 பெண்கள் வாக்களித்தார்கள். முதலில் சீட்டைப் பெட்டியில் போட்டவர் கத்தரீனா ட்சென்ஹொய்செர்ன். அந்தச் சீட்டுகள் தனிப்பெட்டியில் சேர்ந்தன, எண்ணிக்கையில் சேரவில்லை. வலே பெண்களுக்கு மாநில வாக்குரிமை 1970இலும் நாடுதழுவிய வாக்குரிமை 1971 பிப்ரவரியிலும் கிடைத்தன. நெட்டிங் டோர்பெலில் களப்பணி செய்த அதே பருவம் அது. எல்லாக் குடிகளும் வாக்களித்து நிறைவேற்றிய விதிகள் என்று ஆய்வுலகம் பாராட்டும்போது, அந்த 'எல்லா'வுக்குள் ஊரின் பாதிதான் இருந்தது.

இன்னொரு விலையும் உண்டு. சமபங்குப் பாகப்பிரிவினையில் நிலம் தூளாகாமல் தப்பியது எப்படி என்று நெட்டிங் கேட்டார். தாமதமான திருமணம், திருமணமே ஆகாமல் வாழ்ந்தோரின் பெரும் எண்ணிக்கை, ஊரைவிட்டு வெளியேறல் என்பவை அவருக்குக் கிடைத்த விடைகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருளைக்கிழங்கு வந்தபின் ஊர் பெருகியதையும் அவர் காட்டினார். சமநிலை என்ற சொல்லுக்குள் அண்ணன் வீட்டு மேல்தளத்தில் மணமாகாமலே முதுமையடைந்த தங்கைகளும் திரும்பி வராமல் போன தம்பிகளும் இருக்கிறார்கள்.

ஊர் உண்மையில் மூடியிருந்ததா?

இத்தாலிய மானிடவியலாளர் பியர் பாவ்லோ வியாட்ஸோ 1989இல் எழுதிய ஆல்ப்ஸ் ஆய்வு, நெட்டிங்கின் சித்திரத்தை வேறு கோணத்திலிருந்து அசைத்தது. மூடிய ஊர், தன்னிறைவான சமநிலை என்ற சட்டகம் ஆல்ப்ஸ் முழுமைக்கும் பொருந்தாது என்பது அவர் வாதம். அவர் ஆராய்ந்த அலான்யா என்ற ஊரிலிருந்து கைத்தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தார்கள். அந்த அலான்யாவே மத்தியகாலத்தில் வாலிஸிலிருந்து மலைதாண்டிச் சென்ற 'வால்ஸர்' மக்கள் உருவாக்கிய குடியிருப்பு. மேல் வாலிஸ் மக்கள் 1483க்கு முன்பே நகரத் தெரிந்தவர்கள்.

டோர்பெலில் மூடியிருந்தது உள்ளே வரும் கதவு மட்டுமே, வெளியே போகும் கதவு எப்போதும் திறந்திருந்தது என்பது என் வாசிப்பு. மிஞ்சியவர்கள் வெளியேறினார்கள், வந்தவர்களுக்கு உரிமை இல்லை. அப்படியானால் மேய்ச்சலின் சமநிலை ஊருக்குள் மட்டும் உண்டானதல்ல. அதன் பாரத்தில் ஒரு பகுதியைச் சமவெளிகளும் நகரங்களும் சுமந்தன. ஆஸ்ட்ரம் தம் எட்டுக் கொள்கைகளில் முதலாவதாக, எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்று வைத்தார். அது அறம் சாராத, தொழில்நுட்பமான ஒரு நிபந்தனையாகவே அங்கு ஒலிக்கிறது. டோர்பெலின் ஏட்டைப் படித்தபின் அப்படி வாசிக்க முடியவில்லை.

எண்ண ஆளில்லாத மாடுகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோன்சா நிறுவனம் விஸ்ப் நகரில் வேதியியல் தொழிற்சாலை தொடங்கியது. மலையூர் ஆண்கள் ஆலையில் பணிமுறைக்குப் போய்வந்து, மீதி நேரத்தில் புல் அறுத்தார்கள். 'ஆலைத் தொழிலாளி-உழவர்' என்ற இரட்டை வாழ்க்கை அப்படிப் பிறந்தது. வயலில் தங்கிய பெண்களின் உழைப்பு இரட்டிப்பானது. பிறகு பேருந்துச் சாலையும் கடைரொட்டியும் வந்தன, ரை வயல்கள் புல்தரையாயின. 2007இல் லோட்ச்பெர்க் அடிமலைச் சுரங்கம் திறந்ததும் பெர்ன் நகரமே விஸ்ப்புக்கு ஒரு மணி நேரத் தொலைவாகிவிட்டது.

ஹார்டினும் ஆஸ்ட்ரமும் எதைப் பற்றி வாதிட்டார்களோ, அந்தச் சிக்கலே இன்று தலைகீழாகிவிட்டது. ஆல்ப்புக்கு மாடு அதிகம் என்ற கவலை போய், மாடு போதாது என்ற கவலை வந்திருக்கிறது. மேய்ப்பாரில்லாத சரிவில் முதலில் புதர், பிறகு இளம் லார்ச் முளைக்கிறது. சுவிஸ் ஆல்ப்ஸில் காட்டின் பரப்பு பல பத்தாண்டுகளாகக் கூடிவருகிறது. மேய்ச்சல் வெளியைத் திறந்தபடி வைத்திருக்க உழவர்களுக்குக் கூட்டாட்சி அரசே நேரடியாகப் பணம் தருகிறது. அரசும் வேண்டாம், சந்தையும் வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட புல்வெளிகள் இப்போது அந்தப் பணத்தைச் சார்ந்து நிற்கின்றன. பெர்ன் ஆய்வாளர் டோபியாஸ் ஹாலரும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட சுவிஸ் பொதுநிலங்கள் பற்றிய தொகுப்பு, நெட்டிங்கின் தலைப்பை எதிரொலிக்கும் பெயரோடு, பழைய விதிகள் இந்தப் புதிய நிலையில் என்ன ஆகின்றன என்பதையே கேட்கிறது.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுவழி நீர்ப்பாசனத்தையும் சுவிஸ் ஆல்ப் மேய்ச்சல் பருவத்தையும் மானுடப் பண்பாட்டு மரபுகளாக அறிவித்தது. பட்டியலில் ஏறியதால் கால்வாயில் விழுந்த கற்கள் தாமாக நகர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியபின் மண்வெட்டியோடு யாராவது ஏற வேண்டும். முன்பு அந்தப் பொதுவேலைக்குக் குடும்பத்துக்கு ஓர் ஆள் கட்டாயம். இன்று வலேயின் பல சரிவுகளில் ஊர்க்காரர்களோடு நகரங்களிலிருந்து வரும் தொண்டர்களும் தூர் வாருகிறார்கள். நாளெல்லாம் குனிந்து கல் அகற்றிவிட்டு மாலையில் அவர்கள் இறங்கிப் போகிறார்கள். அந்த நீர் பாயும் நிலத்திலோ, மேலே உள்ள ஆல்ப்பிலோ அவர்களுக்குப் பங்கு கிடையாது.